எதை விடலாம், எதை விடக் கூடாது? பரங்கிமலையில் தொடங்கிய லாம்டன் கணக்கு!

சேலையூர், மேடவாக்கம் பக்கம் புது வீடு கட்டத் தொடங்கும் இடத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மேஸ்திரி செய்கிற முதல் வேலை, நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுவதுதான். மூலைமட்டம் வைப்பார், குறுக்கே டேப் பிடிப்பார், திருப்தி இல்லையென்றால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். பூஜை போட்டாச்சு, ஆள் வந்தாச்சு, இன்னும் எதுக்கு நூலையே பிடிச்சுட்டு நிற்கிறார் என்று வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும்.

மேஸ்திரி அசர மாட்டார். டைல்ஸ் பிடிக்கலையா, பிறகு மாத்திக்கலாம். பெயின்ட், கதவு, ஏன், உள்சுவரைக்கூட இடித்துக் கட்டலாம். ஆனால், நூல் தப்பினால் வீடு முழுக்கத் தப்பு. அது அவருக்குத் தெரியும்.

நம்ம ஏரியாவில் 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாத வெயிலில் ஒரு மனிதர் இப்படித்தான் நூல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய நூலின் நீளம் 12 கிலோமீட்டர். பரங்கிமலையில் தொடங்கி பெரும்பாக்கம் குன்றில் முடிந்தது. இந்தியாவை அளந்த மாபெரும் வேலைக்கு முதல் கோடு அதுதான். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் பழவந்தாங்கல் தாண்டியதும் இடதுபக்கம் எட்டிப் பார்த்தால் பரங்கிமலை தெரியும். உச்சியில் தேவாலயம். அங்கேயே லாம்டனுக்கு ஒரு மார்பளவு சிலையும் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தைத் தெரியாத ஆள் கிடையாது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்கு மேலதிகாரியாக இருந்தவர் இந்த லாம்டன்.

அவருடைய வாழ்க்கையை இன்று நாம் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? வீடு கட்டுகிறவர், ஃப்ளாட் தேடுகிறவர், ஒரு மெஷினை வடிவமைக்கிறவர், எல்லோரையும் படுத்துகிற கேள்வி ஒன்று உண்டு. பணம், நேரம், தரம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காதபோது எதை விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்வியோடு 20 வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர் அவர்.

கணக்குப் பைத்தியம்... பட்டாளத்து உத்தியோகம்!

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். கணக்கில் கெட்டிக்காரர். ஆனால், பிழைப்புக்குப் பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் தரப்பில் நின்று, 1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சிறைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில், பாசறைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்கள் ஓடின. அங்கே சூரிய கிரகணத்தைக் கவனிக்கப் போய் ஒரு கண்ணில் பாதிப்பு வேறு. கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் கணிதத்திலும் வானியலிலும் செலவழித்தார்.

1790-களின் பிற்பகுதியில் தன் படைப்பிரிவோடு இந்தியா வந்து சேர்ந்தபோது அவருக்கு 40 வயது தாண்டிவிட்டது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினப் போர். ஓர் இரவு, படையின் ஒரு பகுதி திசை தப்பி திப்பு சுல்தானின் அணிகளை நோக்கியே நடந்துகொண்டிருந்ததாம். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, நாம் போகிற திசையே தப்பு என்று தளபதியிடம் சொல்லி நிறுத்தியவர் லாம்டன் என்பது அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை.

போர் முடிந்ததும் கம்பெனியின் கையில் புதிதாகப் பெரும் நிலப்பரப்பு வந்து விழுந்தது. அதற்குச் சரியான வரைபடம் இல்லை. லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார்: தென்னிந்தியாவைக் கடற்கரைக்குக் கடற்கரை முக்கோணங்களால் அளப்போம். அவர் மனசுக்குள் இருந்த ஆசை அதைவிடப் பெரியது. பூமி எந்த அளவுக்கு உருண்டை, துருவங்களில் எவ்வளவு தட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு வேண்டியது வரியும் வழித்தடமும்; அவருக்கு வேண்டியது பூமியின் வடிவம். ஒரே வேலையில் இரண்டு பேருக்கும் பலன் கிடைக்கிற மாதிரி திட்டத்தை அமைத்தார். பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவும் இருந்ததால் சென்னை கவர்னர் சம்மதித்தார்.

ஒரு பக்கம் தெரிந்தால் போதும்!

பள்ளிக்கூடத்தில் சைன், காஸ் படித்தபோது, இதெல்லாம் எதுக்கு சார் என்று கேட்டிருப்பீர்கள். இதுக்குத்தான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மீதி இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். அதை வைத்து இன்னொன்று. நாடு முழுக்கச் சங்கிலி இழுக்க வேண்டாம். ஒரே ஒரு கோட்டைத் தரையில் அளந்துவிட்டு, மீதி தூரத்தைக் கோணங்களாலேயே பிடித்துக்கொண்டு போகலாம்.

எவ்வளவு மிச்சம் பாருங்கள்! ஆனால், இந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த முதல் கோட்டில் விழுகிற தப்பு அப்படியே பெருகிக்கொண்டே போகும். 12 கிலோமீட்டரில் ஒரு மீட்டர் பிசகினால், கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரைக்கும் 2,400 கிலோமீட்டர் போகும்போது அது 200 மீட்டர். அதனால் லாம்டன் தெளிவாக இருந்தார். வேறு எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இந்தக் கோட்டில் கிடையாது.

அதற்கு ஏற்ற இடம்? கடல் மட்டத்தை ஒட்டி, சமதளமாக, இரண்டு முனையிலும் தூரத்திலிருந்து தெரிகிற மேடு இருக்க வேண்டும். வடக்கே பரங்கிமலை, தெற்கே பெரும்பாக்கம் குன்று. இன்று அந்தக் கோட்டைச் சுற்றி மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று ஊர்கள் நெருக்கியடிக்கின்றன. அன்றைக்கு வெட்டவெளி.

வெயிலில் நீளும் சங்கிலி

அளக்க அவரிடம் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதுவும் செகண்ட் ஹேண்ட்! சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன கருவிகளில் ஒன்று. அங்கே வரவேற்பு இல்லாமல், தூதுக்குழுவில் போயிருந்த டின்விடி என்ற விஞ்ஞானியின் கைக்கு வந்து, அவர் மூலம் கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டனிடம் சேர்ந்தது.

எஃகு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இங்கிலாந்தில் 1784-ல் இதேபோன்ற ஒரு கோட்டை அளந்த வில்லியம் ராய் முதலில் மரக்கோல்களை வைத்துப் பார்த்தார். ஈரக்காற்றில் மரம் நீளம் மாறியது. கடைசியில் கண்ணாடிக் குழாய்களால் அளந்தார். லாம்டனால் அப்படி விதவிதமாக வரவழைத்துப் பார்க்க முடியாது. கப்பல் வந்து போகவே பல மாதங்கள் ஆகும்.

சரி, மழைக்காலத்தில் அளந்தால் சூடு குறைவாக இருக்குமே? நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதற்குப் பதில் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் சங்கிலி போட முடியாது, படகுதான் விட வேண்டும். தரை காய்ந்து கிடக்கிற மாதம் வேண்டுமென்றால் வெயிலைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சூட்டைத் தவிர்க்க முடியாது. எனவே, அதை அளந்துவிடுவோம் என்று முடிவு செய்தார் லாம்டன். மரத்தொட்டிகளை முக்காலிகளின் மேல் நேர்கோட்டில் நிறுத்தி, அதற்குள் சங்கிலியைப் படுக்கவைத்தார். தொய்வு விழாமல் ஒரே எடையால் இழுத்துப் பிடித்தார்கள். பக்கத்திலேயே தெர்மாமீட்டர்கள். ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்து, அதற்கு ஏற்றபடி நீளத்தைத் திருத்தினார்கள். தரை சாய்ந்தால் அந்தச் சாய்வையும் அளந்து கழித்தார்கள்.

இதெல்லாம் இவ்வளவு அவசியமா? நீங்களே போட்டுப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். காலையில் 28 டிகிரி, மதியம் 38 டிகிரி என்றால், அந்த 10 டிகிரி மட்டுமே 12 கிலோமீட்டரில் சுமார் ஒன்றரை மீட்டரை விழுங்கிவிடும். திருத்தாமல் விட்டிருந்தால் கதை கந்தல்.

ஏப்ரல் 10-ம் தேதி தொடங்கிய வேலை மே மாதக் கத்திரி வெயில் வரை இழுத்தது. 100 அடியாக, ஏறக்குறைய 400 தடவை. நல்ல நடையில் போனால் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம் அது!

அரை டன் பிடிவாதம்

கோணம் அளக்க லண்டனில் செய்யச் சொல்லியிருந்த தியோடலைட் கருவி வருகிற வழியில், கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி மொரிஷியஸ் போய்விட்டது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும், எதிரி நாடாக இருந்தாலும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அதன் எடை கிட்டத்தட்ட அரை டன்.

சின்னதாக, கையில் தூக்கிப் போகிற மாதிரி ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா? இங்கேதான் அடுத்த கணக்கு. அந்தக் கருவியின் வட்டம் மூன்று அடி விட்டம். அதன் விளிம்பில் ஒரு டிகிரிக்கு 8 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். ஐந்து அங்குல வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். இடம் அதிகமாக இருந்தால்தான் நுணுக்கமாகக் கோடு போட முடியும், படிக்க முடியும். டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு தப்பினால், 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குன்று கிட்டத்தட்ட 15 மீட்டர் நகர்ந்துவிடும். துல்லியம் வேண்டுமா, எடையைச் சும.

ஆனால், சுமந்தது லாம்டன் இல்லை. மலை மலையாக அதைத் தூக்கி ஏற்றியவர்கள் நம்ம ஊர்க் கூலியாட்கள். இந்தக் கதையில் பெயரோடு வருகிறவர்கள் எல்லோரும் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும்தான் என்பதையும் கவனியுங்கள். ஒரு வடிவமைப்பில் எதையாவது விட்டுக்கொடுக்கும்போது, அதன் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

முக்கோணங்கள் மேற்கே நகர்ந்தன. 1804-ல் பெங்களூருவில் தரையில் இன்னொரு கோட்டை அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கு அந்தக் கோட்டுக்கு ஒரு நீளம் சொன்னது. சங்கிலி ஒரு நீளம் சொன்னது. இரண்டுக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம். அரைச் சாண்கூட இல்லை!

அந்த வேலை மேற்குக் கடற்கரையைத் தொட்டபோது இன்னொன்று தெரிந்தது. சென்னையிலிருந்து மறு கரை வரை 400 மைல் என்று பழைய வரைபடங்கள் காட்டியது உண்மையில் 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

ஆனாலும், பணம் கொடுக்கிற இடத்தில் முணுமுணுப்பு நிற்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டினம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குகிறவரிடம் சொன்னால் போதுமே, அவருக்கு வழி தெரியாதா, இதற்கு லாம்டனின் வரைபடம் எதற்கு என்று நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் நக்கலடித்தார். பட்ஜெட் மீட்டிங்கில் உட்கார்ந்த யாருக்கும் இந்தக் குரல் புதிதில்லை!

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

லாம்டன் எல்லாவற்றிலும் பிடிவாதக்காரர் இல்லை. விட்டுக்கொடுத்த இடங்களும் உண்டு. அதில் ஒன்று பெரிய அடியாக விழுந்தது.

பெரிய முக்கோணங்களாகப் போட்டால் எண்ணிக்கை குறையும், தப்பு சேர்வதும் குறையும். ஆனால், தூரத்துப் பார்வைக்கு உயரம் வேண்டும். மலைநாட்டில் சிக்கல் இல்லை. காவிரி டெல்டாவில் என்ன செய்வது? மட்டமான வயல், பார்வையை மறைக்கிற தென்னந்தோப்புகள். கோபுரம் மாதிரி மேடைகள் கட்டினால் பணமும் நேரமும் போகும். ஊருக்கு ஊர் கோயில் கோபுரம்தான் இருக்கிறதே! அதையே பயன்படுத்திக்கொண்டார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. அரை டன் கருவி சுவரில் மோதியது. அதன் உயிர்நாடியான வட்டம் நெளிந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றை வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. அதே கருவியோடு வேலை தொடர்ந்து, திருநெல்வேலிச் சீமை கடந்து குமரி முனை வரை போய்ச் சேர்ந்தது.

கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தது தப்பான முடிவா? மேடை கட்டக் காத்திருந்தால் டெல்டா வேலை எப்போது முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், அடிபட்டு நிமிர்த்திய கருவியை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் பிறகு வரத்தான் செய்தது. அவர் காலத்துக்குப் பின் தென்பகுதிக் கோணங்கள் புதுக் கருவிகளால் மறுபடி அளக்கப்பட்டன.

1818-ல் இந்த வேலைக்கு இந்தியப் பெரும் முக்கோண அளவீடு என்ற பெயர் வந்தது. அதே ஆண்டு எவரெஸ்ட் உதவியாளராகச் சேர்ந்தார். மழைக்குப் பிறகு காற்று கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும், தூரத்துக் குறி பளிச்சென்று தெரியும். ஆனால், அதே பருவத்தில்தான் காட்டுக் காய்ச்சலும் தாக்கும். முதல் களத்திலேயே எவரெஸ்ட் காய்ச்சலில் விழுந்து, உடம்பைத் தேற்ற தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை போக வேண்டியிருந்தது. தெளிவான பார்வைக்குக் கொடுத்த விலை மனித உடம்பு.

1823 ஜனவரி 20. அளவீட்டு முகாமை வடக்கே நகர்த்திக்கொண்டு போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். வயது 70 இருக்கும். சொந்த ஊர் திரும்பவேயில்லை. கல்லறையும் அங்கேதான்.

பின்னால் பொறுப்புக்கு வந்த எவரெஸ்ட், லாம்டன் விட்டுக்கொடுத்ததையெல்லாம் பணம் கொடுத்து வாங்கினார். சமவெளியில் கோபுரங்கள் கட்டினார். சங்கிலிக்குப் பதிலாக, இரும்பையும் பித்தளையையும் சேர்த்து, சூடு ஏறினாலும் இரண்டு குறிகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறாதபடி அமைத்த தண்டுகளைக் கொண்டுவந்தார். தப்பைக் கணக்கில் கழித்தவர் லாம்டன். தப்பே வராத மாதிரி கருவியைச் செய்யவைத்தவர் எவரெஸ்ட். இரண்டாமவருக்குக் காசும் ஆதரவும் கிடைத்ததற்குக் காரணம், முதலாமவரின் 3.7 அங்குலம்.

உங்கள் நூல் எது?

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். தென்சென்னைப் புறநகரில் மனையோ ஃப்ளாட்டோ தேடுகிறீர்கள் என்று வையுங்கள். விலை, ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம், எத்தனை சதுர அடி, மாடுலர் கிச்சன் உண்டா... எல்லாம் ஒரே இடத்தில் அமையாது. எதையாவது விட்டாக வேண்டும்.

லாம்டன் வழியில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் எது தப்பினால் மற்ற எல்லாவற்றிலும் போய் ஒட்டும்? எதைப் பின்னால் மாற்ற முடியாது? விட்டுக்கொடுத்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று குறித்து வைத்திருக்கிறோமா?

கிச்சனை ஐந்து வருடம் கழித்து மாற்றலாம். தரை மட்டத்தை மாற்ற முடியாது. லாம்டனுக்குப் பிடித்துப்போன அந்தச் சமதளத்தில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தண்ணீர் வந்து நிற்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் படகு ஓடியதை நாம் பார்த்தோம். அப்போது யாரும் டைல்ஸைப் பற்றிக் கவலைப்படவில்லை. வாங்குகிறதுக்கு முன்னால், ஒரு மழை நாளில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அதுதான் நீங்கள் கட்டுகிற நூல்.

அடுத்த முறை பரங்கிமலை உச்சிக்குப் போனால், லாம்டன் சிலைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று தெற்கே பாருங்கள். கட்டடங்களுக்கு மேலே எங்கோ ஒரு 12 கிலோமீட்டர் கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாது. சரியாகக் கட்டிய நூல் எதுவுமே வீடு முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிவதில்லை.